அமலோற்பவத்தின் கட்டைவிரல்

அமலோற்பவத்தின் வலது கைக் கட்டைவிரல் ஒரே நாளில் சாவியாகிவிடவில்லை. ஊருணி தூர்ந்துபோவதுபோல, சுவரில் ஈரம் ஏறுவதுபோல, யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாத நிதானத்தில் அது நடந்தது. நடந்து முடிந்த பிறகு, அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று ஊர் சொல்லிக்கொண்டது.

திண்டுக்கல்லில் கோட்டைப் பாறையின் நிழல் வந்து விழுகிற கொத்தளத் தெருவில் அவள் குடியிருந்தாள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டுச் செய்தார்கள். விடிந்தால் அரம் தேய்க்கிற சத்தம், வெயில் ஏறினால் காற்றில் இரும்புத்தூள் மினுக்கம், குழம்பில்கூட நாக்கில் தட்டுகிற கொஞ்சம் இரும்பு. அமலோற்பவம் மட்டும் பூட்டு வேலைக்குப் போகாதவள். கடைவீதித் தையல்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பும் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்தாள். பட்டன் நுழைகிற அந்தச் சின்ன ஓட்டையைச் சுற்றி நூலை அவள் ஓட்டுகிற அழகுக்காகவே, சட்டை போட்டவர்கள் பட்டனைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள் என்று கடைவீதியில் பேச்சு.

வத்தலக்குண்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்த வருஷம்தான் அது தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. யாரோ இரவெல்லாம் பிடித்து வைத்திருந்துவிட்டு அப்போதுதான் விட்டதுபோல மரத்துக் கிடக்கும். வெந்நீரில் கையை ஊற வைத்து, அடுப்பு வேலை பாதி முடிகிற நேரத்தில்தான் அவை அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கும். நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் விரலில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, சந்தையில் கத்தரிக்காயைத் திரும்பக் கூடையில் வைப்பதுபோல மெதுவாகத் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு வத்தலக்குண்டிலிருந்து யாரும் வரவில்லை.

சரவாங்கி வாதம் என்றார்கள். பச்சிலை எண்ணெய், பத்தியம், மருந்துக்கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த வெள்ளை மாத்திரை என்று சில வருஷம் ஓடியது. அப்பா போனார், பிறகு அம்மா போனாள். வீட்டில் அமலோற்பவமும் அவளுடைய கைகளும் மட்டும் மிஞ்சின. அந்தக் கைகளும் அவளை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. நான்கு விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தன. கட்டைவிரல் தனி வழி எடுத்தது. அதன் அடிமூட்டு வீங்கி நெல்லிக்காய் மாதிரி ஆனது. பிறகு அந்த இடத்தில் உள்பக்கமாக மடங்கியது. மடங்க மடங்க நுனி மட்டும் பின்னால் சாய்ந்து, ஆகாயத்தைப் பார்க்கத் தொடங்கியது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர் மங்கையர்க்கரசி அந்த விரலைத் தன் இரண்டு விரல்களால் பிடித்து, மெதுவாக ஆட்டிப் பார்த்தாள்.

"மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு உறை இருக்கும்மா. அது வீங்கி வீங்கி, மூட்டைச் சுத்தி இருக்கிற கட்டுகளையெல்லாம் தளர்த்திருச்சு. விரலைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் விரலோட முதுகுப் பக்கமா ஓடும். கட்டு தளர்ந்ததும் அது நழுவி ஓரமாப் போயிருச்சு. தூக்க வேண்டியது இப்ப மடக்குது. அடிமூட்டு உள்ள மடங்குது, அதுக்கு ஈடுகட்ட நுனி பின்னால வளையுது. நீங்க ஊசியைக் கிள்ளிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வளையும்."

"எதனால டாக்டர்?"

"உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சுச் சண்டை போடுது."

வீட்டில் சண்டை போட வேறு ஆள் இல்லாததால் இருக்கும் என்று திரும்பி வரும் பஸ்ஸில் அமலோற்பவம் நினைத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மஞ்சள் மாத்திரையை முந்தானையில் முடிந்திருந்தாள். அந்த மாத்திரை வீக்கத்தைத் தணித்தது, வளைந்ததை நிமிர்த்தவில்லை. ஊசி பிடிக்க முடியாமல் காஜா வேலை நின்றது. பட்டன் மட்டும் தைத்தாள். பிறகு அதுவும் நின்று, துணியை மடித்து அட்டை வைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வந்தது.

அவளால் செய்ய முடியாமல்போன வேலைகளில் ஒன்று, சாவியைப் பிடித்துத் திருப்புவது. சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தால் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். கடைவீதிக்குப் போய்விட்டு வந்தால் தன் வீட்டு வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களை, "ஒரு கை திருப்பி விட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள். யாராவது திருப்பிவிட்டுப் போவார்கள். மாசித் திருவிழாவில் பூத்தேர் பார்க்கத் தெருவே எழுந்து போயிருந்த ஒரு நண்பகலில், கூப்பிட ஆளில்லாமல் அவள் கதவோடு சாய்ந்து நின்றாள். வெயில் நெற்றியைப் பிளந்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பூட்டைக் கையில் ஏந்தி, அதன் வாயில் அந்த வளைந்த கட்டைவிரலை வைத்தாள். வைக்க வேறு இடம் இல்லாததுபோல அது உள்ளே போனது. எலும்பு போக முடியாத துவாரம்தான், ஆனாலும் போனது. உள்ளே ஏதோ ஒன்று அவளுடைய விரலை அடையாளம் கண்டுகொண்டதுபோல லேசாக அழுத்தியது. மணிக்கட்டைத் திருப்பினாள். பூட்டு திறந்துகொண்டது.

அமலோற்பவம் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். தம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் அவளால் குடிக்க முடியும். குடித்து முடித்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அதைப் பிறகு எலி இழுத்துப் போயிற்றோ, காக்கா தூக்கிப் போயிற்றோ, அவள் தேடவில்லை.

இதை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய். காலையில் வாசலில் பணியாரம் சுட்டு விற்கிறவள். பணியாரத்தோடு சேர்த்துத் தெருச் செய்தியையும் இலையில் வைத்துக் கொடுப்பாள். அன்று மாலைக்குள் எதிர்ச் சாரியில் பட்டறை வைத்திருந்த இபுராம்சா பாய்க்கு விஷயம் போய்விட்டது. அவர் நரைத்த மனிதர். பேச்சு குறைவு. மறுநாள் காலை ஒரு மாங்காய்ப் பூட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாரு தங்கச்சி."

அவள் விரலை வைத்தாள். பூட்டு திறந்தது. இபுராம்சா அதைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல. இதுக்கு நான் இன்னும் சாவியே செய்யலே." பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "சரி. பட்டறையில வேலை கிடக்கு."

அதற்கப்புறம் ஊர் வந்தது. துருப்பிடித்த பூட்டோடு வந்தார்கள், சாவி கிணற்றில் விழுந்த பூட்டோடு வந்தார்கள், செத்துப்போன மாமியார் கடைசிவரைக்கும் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்த பெட்டியோடு மாட்டுவண்டி பிடித்து வந்தார்கள். வரமுடியாத பூட்டுகளுக்கு ஆட்டோ வைத்து அவளை அழைத்துப் போனார்கள். கோயில் உண்டியலும் பள்ளிவாசல் அலமாரியும் மாதாகோயில் பீரோவும் ஒரே வாரத்தில் அவள் விரலில் திறந்தன. ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒரு நாள் வந்தார். இப்படி ஒரு விரல் ஊரில் இருப்பது சட்டப்படி சரியா என்று விசாரித்தார், அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கைவிலங்கு பூட்டிக்கிச்சும்மா, சாவி இல்ல, உள்ள இருக்கிறவன் சாப்பிடாம உக்காந்திருக்கான்" என்றார். அவள் போய்த் திறந்துவிட்டாள். அப்புறம் போலீஸ் வரவில்லை.

ஊருக்கு அதிசயம் பழகுவதற்கு அதிக நாள் வேண்டியிருக்கவில்லை. அதற்கு மரியாதை வகுக்கத்தான் நாள் பிடித்தது. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டதும், மூடி எழும்புவதற்கு முன்னால், அமலோற்பவம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டானது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. முதல் சில பெட்டிகள் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் அவளுக்கும் பெட்டிக்கும் நடுவே முதுகைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்; அதிலிருந்து அவளே கற்றுக்கொண்டாள். இப்படி, ஊரிலிருந்த அத்தனை பெட்டிகளையும் திறந்தவள், ஒன்றுக்குள் இருந்ததைக்கூடப் பார்க்காதவளாக இருந்தாள். பெட்டி திறந்ததும் அழுவார்கள், சிரிப்பார்கள், அண்ணன் தம்பி கைகலப்பார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்று, எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் கேட்பாள். பிறகு யாராவது, "நீ போயிட்டு வாத்தா" என்பார்கள்.

கல்யாண வீடுகளில் அவளுக்குப் பத்திரிகை வைத்தார்கள். ஆனால் முதல் வரிசையில், எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், நகை இருக்கிற அறைப் பக்கம் அவள் எழுந்து போய்விடாமல் இருக்க. அவள் தெருவில் நடந்து வந்தால் பெண்களின் கை தானாகவே இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போகும். போகப் போகச் சாவிக்கொத்தே குறைந்துபோயிற்று. தொலைந்தால் என்ன, அமலியக்கா இருக்கிறாள் என்று சாவியைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தார்கள்; பட்டறைகளில் உள்ளூர் வியாபாரத்துக்குப் பூட்டுக்கு ஒரே சாவியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

திறந்ததற்குக் கூலியாகச் சிறுமலை வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வந்தது. கட்டைவிரல் இல்லாமல் பழத்தின் தோலை உரிக்க முடியாது என்பது அதுவரை அவளுக்கே தெரியாது. பல்லால் உரித்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். மிச்சத்தைச் சுப்புத்தாயின் ஆட்டுக்குப் போட்டாள். ஆடு அவளைக் கண்டால் துள்ளிக்கொண்டு வரும். எதுவும் திறந்துவிடச் சொல்லாமல் அவளைத் தேடி வந்தது அந்த ஆடு ஒன்றுதான்.

ஒவ்வொரு பூட்டும் அந்த விரலை இன்னும் கொஞ்சம் வளைத்தது. திறக்கும்போது அடிமூட்டில் ஒரு வெட்டு வெட்டும். மாலையில் அந்த இடம் சிவந்து, தொட்டால் அடுப்பு மாதிரி சுடும். நுனி பின்னால் சாய்ந்து சாய்ந்து, கட்டைவிரல் கையை விட்டு ஓடப் பார்க்கிற விரல் மாதிரி ஆயிற்று. சாப்பாட்டை நான்கு விரல்களால் வழித்து உள்ளங்கையில் ஏற்றிச் சாப்பிட்டாள். தலை பின்ன முடியவில்லை. ரவிக்கைக் கொக்கி மாட்டுவதற்குள் ஒரு காலை வேளை கழிந்துவிடும். கொக்கி மாட்டாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு இருந்த நாட்கள் கூடின.

மறுபடி மதுரைக்குப் போனாள். டாக்டர் மங்கையர்க்கரசி படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த மூட்டு இனி நிக்காதும்மா. ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒட்ட வச்சிரலாம். அந்த இடத்துல விரல் மடங்காது, ஆனா நேரா நிக்கும். வலிக்காது. தம்ளர் பிடிக்கலாம், கொக்கி மாட்டலாம்."

"பூட்டு திறக்குமா?"

டாக்டருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. "வளைஞ்சதாலதானே திறக்குது. நேரானா விரல்தான் அது." கொஞ்சம் யோசித்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னாள்: "போறதுக்கு முந்தி அந்த அலமாரியை மட்டும் திறந்து விட்டுட்டுப் போறீங்களா? சாவி வச்சிருக்கிற நர்ஸ் லீவு."

ஆபரேஷன் செய்தி அவளுக்கு முன்னால் பஸ் பிடித்து ஊருக்கு வந்திருந்தது. அவள் வீட்டு வாசலில் சுப்புத்தாயும், பூட்டுத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் செம்புலிங்கமும், தெருப் பெண்கள் பலரும் நின்றிருந்தார்கள்.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போறியாமே?" என்றாள் சுப்புத்தாய். "ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"வலிக்குதுக்கா."

"யாருக்குத்தான் வலிக்கலே? எனக்கு முழங்கால் வலிக்கலையா? நான் என்ன, காலை வெட்டியா போட்டுட்டேன்?"

செம்புலிங்கம் கையமர்த்தினார். "இந்தா பாரும்மா. இந்த ஊர்ல ஒரு வீட்டுலகூட இப்ப ஒழுங்கா சாவி இல்ல. உன்னை நம்பித்தான் பூட்டிக்கிட்டு இருக்கோம். நீ பாட்டுக்கு விரலை நிமித்திக்கிட்டா, உள்ள மாட்டினது மாட்டினதுதான். உனக்கு எதெதுக்கு அந்த விரல் வேணும்னு சொல்லு, அதை நாங்க செஞ்சிடுறோம்."

அமலோற்பவம் யோசித்தாள். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "தலை பின்னணும்," என்றாள். "ரவிக்கை கொக்கி மாட்டணும். சோறு பிசையணும்."

"இவ்வளவுதானா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒரு வீட்டுப் பெண் வந்து கொக்கி மாட்டித் தலை பின்னிவிடுவாள். மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து சோறு வரும், வந்தவள் உட்கார்ந்து பிசைந்து உருட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் நாள் தலையில் எண்ணெய் வைத்து விரல்கள் மண்டையில் இறங்கியபோது அமலோற்பவத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா போன பிறகு அவள் தலையை யாரும் தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பின்னி முடித்த பிறகும், "இன்னும் சிக்கு இருக்கா பாரேன்" என்றாள். அந்த நாட்களில் அவள் விடியும் முன்பே எழுந்து கதவைத் திறந்துவைத்துவிட்டு, சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக் காத்திருப்பாள். பூட்டுகள் வந்தன, திறந்தாள். மூட்டு வெட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆபரேஷனைப் பற்றி அவளும் பேசவில்லை.

நாள் போகப் போக, தலை பின்னுகிறவர்கள் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பின்னினார்கள். அவள் ஏதாவது சொன்னால், "ம்" என்றார்கள். சோறு பிசைய வந்தவர்கள் பிசைந்தே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு யார் வீட்டுப் பிள்ளையிடமாவது கொடுத்தனுப்பினார்கள். முறை எந்த வீட்டுடையது என்பதில் வீடுகளுக்குள் சண்டை வந்தது. "நாங்க போன வாரம் ரெண்டு தடவை வந்தோம்" என்று அவள் வாசலில் நின்றே சத்தம் போட்டார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், செம்புலிங்கத்தின் மருமகள் வரவேண்டிய முறை. அமலோற்பவம் குளித்து, ரவிக்கையைக் கையில் மாட்டி, முன்பக்கம் திறந்து கிடக்க, சேலையைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அரம் தேய்க்கிற சத்தம் தொடங்கியது. பணியாரக்காரியின் கூட்டம் வந்து போனது. மழை ஒரு தூறல் தூறி நின்றது. இடது கையால் கொக்கியைப் பிடித்துப் பார்த்தாள், வழுக்கியது. ஈரத்தலை கழுத்தில் ஒட்டிக் குளிர்ந்தது. உச்சி வேளையில் கதவு தட்டப்பட்டது. "வந்துட்டியா கண்ணு" என்று எழுந்து திறந்தாள்.

செம்புலிங்கத்தின் மருமகள்தான். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் ஒரு பெட்டி.

"அக்கா, அக்கா, அவசரம். தங்கச்சி வீட்டு விசேஷம், ரயிலுக்கு நேரமாச்சு. சாவியைப் பய எங்கயோ போட்டுட்டான். இதை மட்டும்."

அமலோற்பவம் இடது கையால் சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டினாள். மூட்டில் வெட்டியது. பெட்டி திறந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டிக்குள் எதையோ திணித்து மூடுகிற சத்தம் கேட்டது.

"வரேன்க்கா," என்று அந்தப் பெண் ஓடினாள். விரித்த தலையையோ மாட்டாத கொக்கிகளையோ அவள் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டு விட்டுப்போனவளாக இருந்தால்கூட அமலோற்பவம் தாங்கியிருப்பாள்.

அன்றைக்கே அவள் சேலையை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டு, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, விரித்த தலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். தெருவில் யாரோ, "அக்கா, சாயங்காலம் வீட்டுல இருப்பீங்களா, ஒரு பூட்டு" என்று கேட்டார்கள். அவள் நடையை நிறுத்தவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், மேலிருந்து கீழே ஒவ்வொரு கொக்கியாக மாட்டிவிட்டாள். அமலோற்பவம் அங்கேயே நின்று அழுதாள்.

கட்டுப் பிரித்து ஊருக்கு அவள் திரும்பியபோது, கட்டைவிரல் நேராக இருந்தது. அடியில் ஒரு தழும்பு. அந்த இடம் மடங்காது; ஆனால் ஆள்காட்டி விரல் நுனியை அதால் தொட முடிந்தது. ஊர் வந்து பார்த்தது. ஒரு பூட்டை நீட்டினார்கள். அவள் விரலை வைத்துக் காட்டினாள். பூட்டின் வாயில் தோல் முட்டி நின்றது. இன்னொரு பூட்டை நீட்டினார்கள். அதுவும் அப்படியே. செம்புலிங்கம் உச்சுக்கொட்டினார். சுப்புத்தாய், "நல்லா இருந்த விரலைப் போயி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அவளுடைய ஆட்டை அதற்குள் விற்றிருந்தார்கள்.

கொஞ்ச நாள் ஊர் தடுமாறியது. பல வீடுகளில் பூட்டை உடைத்தார்கள். ஒரு வீட்டில் பீரோவை அப்படியே விட்டுவிட்டு வேறு பீரோ வாங்கினார்கள். பட்டறைகளில் சாவி வேலை குவிந்தது, தெரு முழுக்க அரம் தேய்க்கிற சத்தம் முன்னைவிடக் கூடியது, செம்புலிங்கத்துக்குக்கூட முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பெண்களின் இடுப்பில் கொத்துகள் திரும்பத் தொங்கின. பிறகு மறந்தார்கள். மறப்பதும் அவர்களுக்கு அதிசயத்தைப் போலவே சுலபமாகக் கைவந்தது.

அமலோற்பவம் ஒரு கையால் தம்ளரைத் தூக்கினாள். வாழைப்பழம் வாங்கி உரித்துச் சாப்பிட்டாள். சோற்றைப் பிசைந்தாள், நேராக நின்ற விரலில் பருக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தலையை ஒரு மாதிரிக் கோணலாகப் பின்னக் கற்றுக்கொண்டாள். வலி இல்லை. கதவைத் தட்டுகிறவர்களும் இல்லை. வலி போனதோடு வேறு ஏதோ ஒன்றும் போய்விட்டதா என்று சில நாள் அந்தத் தழும்பைத் தடவிப் பார்ப்பாள். அதைத் திரும்ப வேண்டுமென்று கேட்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

அவள் வீட்டுப் பூட்டுக்குத்தான் சாவி இல்லையே. ஒரு நாள் காலை எதிர்ச் சாரிக்குப் போய் இபுராம்சா பாயின் பட்டறையில் நின்றாள்.

"பாய், எனக்கு ஒரு பூட்டு வேணும். தொங்குற பூட்டு வேணாம். கதவுலயே பதிக்கிறது. உள்ள இருந்தும் பூட்டணும், வெளிய இருந்தும் திறக்கணும்."

அவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு அளவெடுக்கக் கதவைப் பார்க்க வந்தார். பூட்டைச் செய்து, அவரே வந்து பதித்தும் கொடுத்தார். சாவியின் தலையை வழக்கத்தைவிட அகலமாக, வாழைப்பூ மடல் மாதிரி செய்திருந்தார். அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது வழுக்காமல் நின்றது. திருப்பினாள். திரும்பியது.

"இந்தா, இன்னொண்ணு," என்று இரண்டாவது சாவியை நீட்டினார்.

"ஒண்ணு போதும் பாய்."

"பூட்டுன்னா ரெண்டு சாவி தங்கச்சி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு வேற யாருக்காவது."

அமலோற்பவம் அந்தச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுப்புத்தாய் வீட்டுக்குப் போனாள். சுப்புத்தாய் பணியாரக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கெதுக்கு உன் வீட்டுச் சாவி? நாளைக்கு ஒரு பொருளைக் காணோம்னா என் மேல வரும்" என்றாள். அதற்கு மேல் போக அமலோற்பவத்துக்கு வீடு தோன்றவில்லை. தெருவின் கடைசி வரைக்கும் நடந்தாள். எல்லா வீட்டுப் பூட்டையும் அவளுக்குத் தெரியும்; எந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. திரும்பி வந்து, சாவியை இபுராம்சாவின் பட்டறைப் பலகையில் வைத்தாள்.

"இது உங்ககிட்ட கிடக்கட்டும் பாய்."

அரம் நின்றது.

"ஒரு நாள் பூராவும் என் கதவு திறக்கலேன்னா," என்றாள், "வந்து திறந்து பாருங்க. நாள் ஆக விட்டுடாதீங்க. அவ்வளவுதான்."

இபுராம்சா பாய் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்த சாவியை மறுபடி துடைத்தார். எழுந்து சுவரில் ஆணி அடித்து, அதில் அந்த ஒரு சாவியை மட்டும் மாட்டினார். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அமலோற்பவம் போய்ச் சாவியைத் திருப்பித் திறந்தாள். வாசலில் இபுராம்சா பாய் நின்றிருந்தார். கைகள் இரண்டும் கருப்பேறி, இரும்புத்தூள் ஒட்டி இருந்தன; அவர் எதையும் கொண்டுவரவில்லை.

"என்ன பாய்?"

"திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்."

"சரி," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். அரம் தேய்க்கிற சத்தம் தொடங்குகிறவரைக்கும் அவள் வாசலிலேயே நின்றாள்.

அதற்கு மறுநாள் அவர் வருவதற்கு முன்பே அவள் எழுந்து, வெந்நீரில் கையை ஊற வைத்து, தலையைக் கோணலாகப் பின்னி, ரவிக்கைக் கொக்கிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக மாட்டி, கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். தெருவைக் கடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. கை சாவியின் மேல் இருந்தது. அவர் தட்டுகிறவரைக்கும் பொறுத்திருந்து, தட்டிய பிறகு திருப்பினாள்.